உப்பு போதுமா பாரு

வீட்டில் அவளுக்கு நாக்கு என்று பெயர். பள்ளிக்கூடச் சான்றிதழில் வேறு பெயர் உண்டு, ஆனால் கூப்பிட ஆளில்லாமல் அது சும்மா கிடந்தது. "நாக்கு வந்துட்டா, மூடி வச்சதையெல்லாம் திறங்க" என்று சித்தப்பா கேலி பேசுவார். பிற்பாடு அந்த நாக்குதான் அவளுக்குச் சோறு போட்டது. சூப் பொடி தயாரிக்கும் தொழிற்சாலையில், ருசி பார்க்கும் மேஜையில், இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். ஒவ்வொரு கலவையிலும் ஒரு கரண்டியை வெந்நீரில் கரைத்துக் கொண்டுவந்து வைப்பார்கள். வாயில் வைப்பாள், துப்புவாள், தாளில் கையெழுத்துப் போடுவாள். அது விழாமல் ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. நாலே நாளில் போய்விட்டது. போகிற போக்கில் வாசனையையும் ருசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சாப்பாடு சூடாக இருக்கும், ஈரமாக இருக்கும், அதற்கு மேல் ஒன்றும் இருக்காது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் மருத்துவர். இதைச் சொல்ல ஒரு மருத்துவர் எதற்கு என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அப்போது அம்மா இறந்து இரண்டு மாதம். அம்மாவுக்கும் அவள் அழுதிருக்கவில்லை. முதலில் மரத்துப்போனது நாக்கா, மனசா என்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை. ருசி தெரியாதவளுக்கு ருசி பார்க்கும் மேஜையில் என்ன வேலை? எதிர் நாற்காலியில் புதிதாக வந்த பெண் இருந்தாள். அவள் புருவம் நெரிந்தால் உப்பு அதிகம், உதட்டை நக்கிக்கொண்டால் சரி என்று ஒரு கணக்கு வைத்துக் காலம் தள்ளினாள். ஒருநாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, எனக்கு இன்னும் பிடிபடல. உங்க மூஞ்சியப் பாத்துதான் நான் கையெழுத்துப் போடுறேன்." ஆக, இந்த ஆறு மாதத்தில் அந்த சூப்பை யாருமே ருசி பார்க்கவில்லை. இதைக் கேட்டால் பயம் வர வேண்டும். அவளுக்கு அதுவும் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் தங்கை போன் செய்தாள். அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிகிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அப்பா வீட்டில் கூடுகிறோம். "மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்க்கா. தொட்டுக்க மட்டும் நீ பண்ணிடு. அம்மா கைப்பக்குவம் உனக்குத்தான் வரும்."

தொட்டுக்க என்பது அந்த வீட்டில் ஒரு பண்டத்தின் பெயர். தயிரைத் துணியில் கட்டித் தண்ணீர் வடிய விட வேண்டும். பூண்டைத் தோலோடு தீயில் சுட்டு நசுக்கி, வெள்ளரிக்காயைத் துருவிப் பிழிந்து, மிளகும் உப்பும் சேர்த்துக் குழைக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். முதல் விருந்தில் யாரோ "இது என்னது?" என்று கேட்க, அம்மா விழித்துவிட்டு "தொட்டுக்க" என்றாளாம். அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. ரொட்டித் துண்டோ கேரட்டோ, எதை வேண்டுமானாலும் தொட்டுக்கொள்ளலாம்.

மறுக்க வழியில்லை. தங்கை புருஷன்தான் தொழிற்சாலையில் அவள் பிரிவுக்கு மேலாளர். நாக்கு செய்த பண்டத்தில் உப்பு தப்பினால் அவர் விட மாட்டார், துருவித் துருவிக் கேட்பார். திங்கட்கிழமை அவள் நாற்காலியில் வேறு யாராவது இருப்பார்கள்.

ஞாயிறு காலையிலேயே அப்பா வீட்டுக்குப் போய்த் தயிரைக் கட்டிக் குழாயில் தொங்கவிட்டாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தொட்டியில் விழுந்தது. அந்தச் சத்தம் மட்டும் மாறவில்லை. ஏழு வயசில் இதே சமையல் மேடையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா கரண்டி நுனியில் எடுத்து நீட்டுவாள். "உப்பு போதுமா பாரு." இவள் கண்ணை மூடி, பெரிய நீதிபதி மாதிரி யோசித்து, "பத்தல" என்பாள். அம்மா மறுபேச்சு பேசாமல் ஒரு சிட்டிகை போடுவாள். ஏழு வயசுப் பிள்ளையின் பேச்சுக்கு அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை. முன்பெல்லாம் பூண்டு சுடும் வாசனை எழுந்தாலே இதெல்லாம் தானாக வந்து நிற்கும். இன்று ஒவ்வொன்றாக அவளே நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

உப்பைக் கரண்டியில் தலை தட்டி அளந்து வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து தங்கை போன் செய்து நாற்காலி போதுமா என்று கேட்டாள். எண்ணிச் சொல்லிவிட்டுத் திரும்பினால் கரண்டி காலியாக இருந்தது. கிண்ணத்தில் போட்டோமா, பேசிக்கொண்டே உப்பு டப்பாவிலேயே திருப்பிக் கொட்டினோமா? வாயில் வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். அதே ஜில்.

அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். குழாய் ரிப்பேர் வேலை பார்த்து ஓய்ந்தவர். குடும்பத்தில் அவருக்குச் சாப்பாட்டு ராமன் என்று பெயர். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அடுப்படியில் நின்று பாத்திரம் பாத்திரமாக வாய் வைத்துவிட்டுத்தான் போவார். "இவருக்கு மட்டும் பொறுக்காது" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வேறு வழியில்லாமல் கரண்டியை நீட்டினாள். "உப்பு போதுமா பாருங்கப்பா."

அவர் கரண்டியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகுதான் வாங்கி வாயில் வைத்தார்.

"உப்பே இல்ல."

போட்டாள்.

"இன்னும் ஒரு சிட்டிகை. ம், போதும்." தண்ணீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "எவ்வளவு நாளா?"

"என்னதுப்பா?"

"ருசி தெரியாம."

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "ஆறு மாசம்" என்று வந்தது.

"உங்கம்மாவுக்கு முப்பத்தொன்பது வருஷம். உன் தங்கச்சி கைக்குழந்தையா இருந்தப்ப ஒரு காய்ச்சல். போனது திரும்பவே இல்ல. ருசி தெரியாதவ சமைச்சா யாரு சாப்பிடுவான்னு அவளுக்கு பயம். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. காலையில நான் பாத்தேன். சாயங்காலம் நீ பாத்த."

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசில் கிடைத்த பெயரும் மரியாதையும் நாக்கின் திறமைக்காக இல்லை, அம்மாவுக்கு ருசி பார்க்க ஆள் தேவைப்பட்டதால். கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று புரியாமல் நின்றாள். "அப்ப நானும் யாருக்கும் சொல்லாம இருந்துடறேன்பா."

"அவ வீட்டுக்குச் சமைச்சா. பக்கத்துல நாம இருந்தோம்" என்றார் அப்பா. "நீ ஊருக்கே பொட்டலம் கட்டுற. அங்க யாருகிட்ட கரண்டிய நீட்டுவ?" பதிலுக்கு நிற்காமல் சட்டை மாற்றப் போய்விட்டார்.

மதியம் கூடம் நிறைந்தது. கிண்ணத்தைச் சுற்றிக் கைகள் மொய்த்தன. "அப்படியே அம்மா கை" என்று தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் புருஷன் கேரட்டால் வழித்து வழித்துச் சாப்பிட்டார். "நாக்குன்னா நாக்குதான். அக்கா, நாளைக்குப் புதுக் கலவை வருது. நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டாதான் எனக்கு நிம்மதி."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"போட மாட்டேன் தம்பி. எனக்கு உப்பு தெரியறதில்ல. ஆறு மாசமாச்சு."

தங்கை புருஷன் சிரித்தார். "உப்பு தெரியாமதான் இவ்வளவு கச்சிதமா போட்டீங்களா?"

"அளவு சொன்னது அப்பா."

சிரிப்பு நின்றது. மேலாளர் கேரட்டைத் தட்டில் வைத்துவிட்டார். நாற்காலி போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. தங்கை கிண்ணத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அம்மா பண்ணினது?"

"அதுவும்தான்" என்றார் அப்பா.

அவள் ஒரு ரொட்டித் துண்டை எடுத்துத் தொட்டு வாயில் வைத்தாள். ஜில்லென்று இருந்தது. அம்மாவுக்கும் இவ்வளவுதான் தெரிந்திருக்கும்.