தாடையில் வைத்துக் கேட்கும் மட்டை

"தாத்தா மட்டையைத் தின்னப் போறாரா?" என்று கேட்டான் எல்பீடியோ. டொமினிக்கன்காரன், எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்கு இந்த வசந்தத்தில் வந்தவன். அப்போது வெண்டல் ஸ்ட்ரௌஸ் ஒரு மேப்பிள் மர மட்டையின் கைப்பிடிக் குமிழைத் தாடையெலும்பில் அழுத்தி, தடித்த பக்கத்தை விரல்முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார்.

வெண்டலுக்கு ஸ்பானிஷிலிருந்து மாற்றிச் சொன்னேன். 'தாத்தா'வை விட்டுவிட்டேன்.

"உப்பு இருந்தா தின்னலாம்னு சொல்லு," என்றார் வெண்டல்.

எல்பீடியோ சிரித்துவிட்டு, "போன மாசம் இவரு அனுப்புன மட்டை மூணாவது ஆட்டத்துலயே பொளந்துடுச்சு. சில்லு பந்து போடுறவன் காதோரமா பறந்துச்சு," என்றான்.

அதை நான் மாற்றிச் சொன்னபோது வெண்டல் தட்டுவதை நிறுத்தினார். "அந்த ரெண்டு துண்டையும் கொண்டாரச் சொல்லு."

பென்சில்வேனியா மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் கடைசல் பட்டறையில் இருபத்தாறு வருடமாகக் கடைசிப் பார்வை அவருடையது. கைப்பிடியில் ஒரு சொட்டு மை வைப்பார். மை மர ரேகையோடு நேராக ஓடினால் சரி. கோணினால் மட்டை விறகுப் பெட்டிக்கு. "அடுப்புக்குப் போ ராசா, உன் தப்பில்ல," என்று சொல்லித்தான் போடுவார். மையில் தேறியதைத் தட்டிப் பார்ப்பார். நல்ல மரம் கணீரென்று பேசும். உள்ளே கீறல் இருந்தால் ஊமை. மதியம் பீட்ரூட்டில் ஊறிய முட்டையை இடது கையால் சாப்பிடுவார். வெள்ளை மட்டையில் ஊதாக் கறை படியக் கூடாதாம்.

வியாழக்கிழமை துண்டுகள் வந்தன. கைப்பிடியில் அவர் வைத்த மைப்புள்ளி நேராகத்தான் ஓடியிருந்தது. பிளவின் நடுவில் ஒரு பழைய கறுப்புக் கீறல். அதை நகத்தால் வருடினார்.

"ஊமை மட்டை. ஒரு தட்டுல தெரிஞ்சிருக்கணும்."

எதிரே நின்று பேசினால் அவருக்கு எல்லாம் கேட்கும். கடைசல் இயந்திரங்களின் இரைச்சல் அவர் காதிலிருந்து தின்றுவிட்டுப் போனது மட்டையின் அந்தக் கணீரை மட்டும். அது போன பிறகுதான் தாடையில் வைத்துப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார். நாங்கள் அதை அவருடைய கோமாளித்தனம் என்று நினைத்திருந்தோம்.

அன்று வேலை முடிந்து இயந்திரங்கள் ஓய்ந்ததும், ரசீது எழுதிக்கொண்டிருந்த என் மேசைக்கு வந்தார். அவர் அலுவலக அறைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"நெலிடா, உனக்குக் காது நல்லாருக்குல்ல?"

"இருக்கு."

"வா. இருபது மட்டை எடுத்து வச்சிருக்கேன்."

பலகையில் மட்டைகள் எண் போட்டு வரிசையாக இருந்தன. என் கையில் ஒரு பென்சிலும் தாளும் கொடுத்தார். தனக்கும் ஒரு தாள் எடுத்துக்கொண்டார்.

"நான் தாடையில வச்சுத் தட்டுறேன், நீ காதால கேளு. பேசுனா ஒரு கோடு, ஊமைன்னா சுழி. கடைசில ரெண்டு தாளையும் சேத்து வச்சுப் பாரு. ஒண்ணு மாறுனாலும், எனக்கு இனிமே கேக்கலன்னு முதலாளிகிட்ட நீயே போய்ச் சொல்லிடும்மா. நான் போனா எதையாவது சொல்லி மழுப்பிடுவேன்."

முதல் மட்டையை எடுத்துத் தாடையில் வைத்தார். பிறகு, என் பென்சில் எந்தப் பக்கம் அசைகிறது என்று தெரியாதபடி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.