நடுவில் நின்று பாடுகிறவள்

கல்யாணமாகி வந்த வாரத்தில் என் வீட்டுக்காரர் என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். வண்ணார்பேட்டையில், பஸ் போகிற ரோட்டிலிருந்து ஒரு சந்து தள்ளி எங்கள் வாடகை வீடு. முன்னறையின் இரண்டு ஓரத்திலும் இடுப்பு உயரத்துக்கு இரண்டு மர ஸ்பீக்கர் பெட்டிகள், எதிரே அந்த ஒரே நாற்காலி. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, "பாடுதவ எங்கன நிக்கா, சொல்லு" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரெண்டு பெட்டிக்கும் நட்ட நடுவுல நிக்கா. கண்ண மூடிட்டுக் கேளு."

கண்ணை மூடினேன். அடுப்பில் இருந்த குழம்புக்கு உப்புப் போட்டேனா என்பதுதான் நினைவுக்கு வந்தது.

ஊருக்கு வெளியே ஒரு சின்ன நூற்பாலையில் அவருக்கு வேலை. பெட்டிகளை ஆசாரியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, அந்த ஆளின் உயிரை வாங்கிச் செய்ய வைத்திருந்தார். ஆம்ப்ளிபயர் இவரே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. சத்தம் சுவரில் மோதித் திரும்பக் கூடாது என்று பத்தமடைக்குப் போய், ஊரெல்லாம் ஆசைப்படும் பட்டுப் பாயை விட்டுவிட்டு, முரட்டுக் கோரைப் பாயாகப் பொறுக்கி வந்து சுவர் முழுக்க மாட்டியிருந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் கல்யாணச் சீருக்கு எடுத்த பாய் என்று நினைத்து, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

ஆலைச் சத்தம் காதைத் தின்றுவிடும் என்ற பயம் அவருக்கு ஓயவே இல்லை. பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டுதான் ஆலைக்குள் போவார். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். "கை ஒண்ணு போனாக்கூடச் சமாளிச்சுக்கிடுவேன். காது போச்சுன்னா நான் எதுக்கு இருக்கணும்?" என்று ஒருநாள் சொன்னார். கட்டிக்கொண்டு வந்தவள் முன்னால் பேசுகிற பேச்சா அது? இரண்டு நாள் நான் முகம் கொடுக்கவில்லை.

பாட்டுப் பிடிக்காத ஆளை எங்கள் தெருவில் விளக்கு வைத்துத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. டீக்கடையில் பாட்டு, பஸ்ஸில் பாட்டு, கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையில் எப்போதும் கூட்டம். என் அடுப்படியிலும் ஒரு டிரான்சிஸ்டர் கரகரத்துக்கொண்டே இருக்கும். கரகரப்போடு சேர்ந்து நானும் பாடுவேன். எங்களுக்கெல்லாம் பாட்டு காதில் விழுந்தால் போதும். பாடுகிறவள் எங்கே நிற்கிறாள், மூச்சை எங்கே இழுக்கிறாள் என்று பார்க்கிறவர் எனக்குத் தெரிந்து அந்த ஊரில் அவர் ஒருத்தர்தான். தன்னைப் போல இன்னொரு ஆள் வேண்டும் என்று அவர் ஏங்கினார்.

துபாயிலிருந்து பெரிய செட்டு கொண்டுவந்தவர் மேலப்பாளையத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, வலியப் போய் அழைத்து வந்தார். வந்தவரும் நாற்காலியில் உட்கார்ந்து மரியாதையாக முழுப் பாட்டையும் கேட்டார். "எல்லாம் சரி அண்ணாச்சி, இதுல லைட்டு ஒண்ணும் ஓடலியே" என்றார். அவருடைய செட்டில் பாட்டுக்கு ஏற்றபடி சிவப்பும் பச்சையுமாக ஏறி இறங்குமாம். வெளியே போய் நான் சிரித்துவிட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

இன்னொரு வருஷம் அம்மன் கோவில் கொடை விழாவுக்குப் பெட்டிகளைக் கேட்டுத் தெருக்காரர்கள் வந்தார்கள். கம்பத்தில் கட்டினால் ஆற்றங்கரை வரைக்கும் கேட்கும் என்பது அவர்கள் கணக்கு. இது அறைக்குள் வைத்துக் கேட்கிற பெட்டி, வெளியில் வைத்து அலறவிட்டால் கருகிப்போகும் என்று இவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. "சாமிக்குக் குடுக்க மனசு வரல பாத்தியாலே" என்று வாசலிலேயே பேசிக்கொண்டு போனார்கள். அந்த வருஷம் கொடைக்குப் போன எனக்குத்தான் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்கக் கூசியது.

எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "இடது பெட்டி கம்மியாக் கேக்கு" என்றார். பாடுகிறவள் நடுவிலிருந்து வலது பக்கம் நகர்ந்துவிட்டாளாம். ஒயரைக் கழற்றி மாட்டினார். ஆம்ப்ளிபயரைத் திறந்து பார்த்தார். பிறகு இடது பெட்டியை வலது பக்கமும் வலது பெட்டியை இடது பக்கமும் நகர்த்தி வைத்தார். பெட்டியில் கோளாறு என்றால் பெட்டியோடு கோளாறும் இடம் மாற வேண்டும். மாறவில்லை. அப்போதும் இடது பக்கம்தான் குறைந்தது.

"ஏட்டி, நீ உக்காந்து கேளு."

கேட்டேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது.

"ஒனக்கு என்னைக்குத் தெரிஞ்சிருக்கு" என்று எரிந்து விழுந்தார். நானும் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பெட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது. இப்போது குறைந்தது அதுவரை நன்றாகக் கேட்ட மற்றப் பெட்டி என்று பிறகு சொன்னார். அவர் திரும்பியதும் கோளாறும் அவரோடு திரும்பிவிட்டது. எழுந்து பாட்டை நிறுத்தினார்.

பாளையங்கோட்டையில் டாக்டர் பார்த்தார். இடது காதில் நரம்பு தளர்ந்திருக்கிறது, போனது திரும்ப வராது, வலது நன்றாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றார். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் இவர் என் வலது பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேசியது எதுவும் அந்த இடது காதில் ஏறியதா என்று எனக்குத் தெரியவில்லை. காது போனால் எதற்கு இருக்கணும் என்று இவர் முன்பு சொன்ன பேச்சை நினைத்து, பல நாள் அவரைத் தனியே விட்டுக் கடைக்குப் போகக்கூட எனக்குப் பயமாக இருந்தது.

வாரக்கணக்கில் முன்னறையில் சத்தமே இல்லை. அடுத்த வீட்டுக்காரி கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே காரணம் கேட்டாள். யாரிடமாவது சொன்னால் தேவலை என்றிருந்தது எனக்கு. சொன்னேன்.

"இவ்வளவுதானா மதினி? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். எங்க மாமனாருக்கு ரெண்டு காதும் அவுட்டு. டிவியக் கூட்டி வச்சிட்டு ஜம்முன்னு பாக்காரு. ஒங்க வீட்டுல அம்புட்டுப் பெரிய பெட்டி கெடக்கு, நல்லாக் கூட்டி வைக்கச் சொல்லுங்க."

அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். செத்த வீட்டுக்குத் துக்கம் கேட்க ஊரே வரும். இதற்கு வர ஒரு ஆள் கிடையாது. என்ன போய்விட்டது என்று தெரிந்தவர் அவர் ஒருத்தர், பாதி தெரிந்தவள் நான்.

நான் காயப்போடக் கொண்டுபோன ஈரத் துணியோடு அப்படியே உள்ளே வந்தேன். முன்னறையில் மெல்லப் பாட்டுக் கேட்டது. அவர் நாற்காலியில் பெட்டிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நல்ல காதை, அந்த வலது காதை, உள்ளங்கையால் பாதி பொத்தியிருந்தார். கொஞ்சம் அழுத்துவதும் கொஞ்சம் விடுவதுமாகக் கை அசைந்துகொண்டிருந்தது. பிறகு ஓரிடத்தில் நின்றது.

"நடுவுல வந்துட்டா" என்றார். "தூரமா நிக்கா. ஆனா நடுவுலதான் நிக்கா."