தேனீ பார்த்த தூக்குக்குண்டு

மணல் தரையில் மூன்று மாடி, கடற்காற்றுக்கு அசராத மதில், கோணல் மனையில் கோணாத கல்யாண மண்டபம் என்று கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை நான் எழுப்பிய கட்டடங்களை, ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியவை என்றால் யாரும் நம்புவதில்லை. ஆனால் நேர் என்றால் என்ன என்று எனக்குக் காட்டியது எந்த மேஸ்திரியும் இல்லை. புதுப் பலகை வாசனையும் தேன் வாசனையும் கலந்தடித்த ஒரு பெட்டிதான்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பதினான்கு வயது, சித்தாள் வேலை. புகுந்த வீட்டை விட்டு வந்திருந்த சரோஜா அக்கா, தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய், அங்கே கொடுத்த ஒரு தேனீப் பெட்டியைக் கொண்டுவந்து முந்திரி மரத்தடியில் நான்கு செங்கல் மேல் வைத்தாள். அவளுக்குத் தனதென்று இருந்தது அது ஒன்றுதான். உள்ளே வரிசையாகத் தொங்கும் மரச்சட்டங்களில், சட்டத்துக்கு ஒரு தேனடையாகத் தேனீ கட்ட வேண்டும்; ஒவ்வொன்றும் தனியாகத் தூக்க வர வேண்டும். வராவிட்டால் பெட்டி வேறொருத்திக்குப் போய்விடும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார்.

அவர் பார்க்க வருவதற்கு மூன்று நாள் முன்பு அக்கா ஒரு சட்டத்தைத் தூக்க, பக்கத்துச் சட்டமும் ஒட்டிக்கொண்டு கிளம்பியது. அடை கிழிந்து தேன் சொட்டியது. அக்கா இரண்டையும் திரும்ப உள்ளே இறக்கினாள்.

"கோணப் புத்தி புடிச்ச பூச்சிடா இது. எங்கெங்கியோ கட்டிகினு கீது."

இடுப்பில் எந்நேரமும் செருகித் திரிந்த, சுவர் நேர் பார்க்கும் பழைய தூக்குக்குண்டை எடுத்து, ஓரச் சட்டத்தை ஒட்டிய இடைவெளியில் நூலை இறக்கினேன். மூன்று கொட்டு வாங்கினேன், கையை எடுக்கவில்லை. சட்டத்து மரம் நூலை விட்டு விலகிப் போயிற்று. அடை மட்டும் நூலோடு நூலாக இறங்கியது. இருட்டுக்குள், அளவுகோல் இல்லாமல், விரல்நுனி அளவுகூட இல்லாத பூச்சிகள்.

"பூச்சி நேராத்தான் கட்டிக்கீது அக்கா. உன் பெட்டிதான் சாஞ்சிகினு கீது."

"சித்தாளா போயி ஒரு மாசம் ஆவல, மேஸ்திரி பேச்சு இன்னா பேசறான் பாரு."

மணலில் இரண்டு செங்கல் புதைந்திருந்தன. அடியில் ஓட்டுத் துண்டு செருகி மட்டம் பார்த்தேன். விலகிய அடைகளை அக்கா அறுத்து, வாழை நாரால் அந்தந்தச் சட்டத்தில் கட்டினாள். மூன்றாம் நாள் பயிற்சியாளர் முன்னால் சட்டம் ஒவ்வொன்றாக வந்தது. அடையை மரத்தோடு ஒட்டிவிட்டு, 'இனி இது எதுக்கு' என்பதுபோல் தேனீக்கள் நாரைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தன. பெட்டி அக்காவிடமே நின்றது.

அந்த முந்திரி மரங்கள் இன்று இல்லை. அங்கே ஒரு விடுதியின் கார்கள் நிற்கின்றன. செங்கல்பட்டுப் பக்கம் வரிசையாகப் பெட்டி வைத்திருக்கும் அக்கா, தேனீ வளர்ப்போர் கூட்டங்களில் இந்தக் கதையைச் சொல்லும்போது, "அப்புறம் சரி பண்ணினோம்" என்று கடந்துவிடுகிறாள். அந்த 'னோம்'க்குள் என்னை ஒளித்து வைத்தது போதும். அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "என் தம்பி ஏழுமலை பண்ணான்" என்று சொல்லட்டும்.