பச்சை உப்பு இருந்த டிரம்

இருபது வருடத்துக்கு முன்பு அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். உரிமம் ரத்தாகி அதை மூடியபோது, மிச்ச மருந்தை அகற்றி அறைகளைக் கழுவிவிடும் வேலையும் என் பொறுப்பில் வந்தது. காலி டிரம்களை உடைத்துக் குழியில் புதைக்கச் சொல்லியிருந்தார்கள்.

கடைசி நாளில், அங்கே சரவெடி பின்னிய மாரியம்மாள் தண்ணீர் பிடிக்க ஒரு டிரம் கேட்டாள். அது மத்தாப்புக்குப் பச்சை நிறம் தரும் உப்பு இருந்த டிரம். அந்த உப்பு விஷம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வேலை போய் நிற்பவளிடம் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. கழுவினால் சரியாகிவிடும் என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டேன்.

“நல்லா களுவிட்டுக் கொண்டு போம்மா” என்றேன்.

நான்காம் நாள் காலை, திருத்தங்கலில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

“ரெண்டு ஆடும் செத்துப்போச்சுண்ணே. அந்த டிரம்முத் தண்ணியத்தான் வச்சேன்.”

கம்பெனி போன பிறகு அவளுக்கு அந்த ஆடுகள்தான் பிழைப்பு. திட்டப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

“நீங்களும் வீட்டுக்கு ஒண்ணு கொண்டாந்திருப்பீகளோன்னு பயந்து ஓடியாந்தேன். இருந்தா தண்ணியக் கொட்டிருங்கண்ணே. பிள்ளைக குடிச்சிரப் போகுது.”

“நான் எடுக்கலைம்மா.”

“நல்லவேளை” என்றவள், என் மனைவி கொடுத்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

ஏன் எடுக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.