ஒப்பிட்டுக்குப் பிறகு ஒரு கோ-கோ

விளையாட்டுப் பீரியட் என்றால் மற்ற டீச்சர்களுக்கு எப்போதும் ஒரு இளக்காரம். யாருக்குப் பாடம் முடியவில்லையோ அவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். "ஏனுங்க டீச்சர், இன்னிக்கு ஒருநாள் மட்டும் குடுங்க" என்பார்கள். அந்த ஒருநாள் வருஷம் முழுக்க வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் நாமக்கல்லை அடுத்த மோகனூர்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் விளையாட்டு டீச்சராக இருந்தேன். சேலம் அஸ்தம்பட்டியில் வளர்ந்தவள், கோபம் மூக்கு நுனியில். என்னிடம் கேட்க மற்றவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கணக்கு டீச்சர் மட்டும் யோசிக்கவே மாட்டார்.

அந்த வருஷம் அவர் என்னிடம் கேட்கக்கூட இல்லை. நேராகத் தலைமையாசிரியையிடம் போய்விட்டார். பத்தாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடை நிரந்தரமாகக் கணக்குக்கே கொடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனேன்.

"பத்தாவது முடிஞ்சா இதுல பாதிப் புள்ளைகளுக்குக் கல்யாணங்க. அப்புறம் அடுப்பு, மாடு, காடு. பாவாடையைத் தூக்கிச் சொருகிட்டு ஓடறதுக்கு இவளுகளுக்கு வேற எடம் எங்க இருக்குது? இந்த ஒரு பீரியட்தான்" என்று கத்திவிட்டேன்.

தலைமையாசிரியை சத்தம் போடாத மனுஷி. "ஓடி என்னத்தக் கத்துக்கறாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"ஓடறது மட்டுமா? ஒரு போட்டியை நடத்தவே கத்துக்குவாங்க. மாவட்டக் கோ-கோ நம்ம பள்ளிக்கூடத்துலதான வருது? இந்தப் புள்ளைகளை விட்டே நடத்திக் காட்டறேன்."

கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. அவர் கப்பென்று பிடித்துக்கொண்டார். "சரி. புள்ளைகளே நடத்தட்டும். வெளியூர்க்காரங்க ஒரு புகார் சொல்லாம முடிஞ்சா பீரியட் உங்களுது. ஒரே ஒரு புகார் வந்தாலும் கணக்குக்குப் போயிரும்."

விஷயத்தை ஒளிக்காமல் வகுப்பில் சொன்னேன். "நான் விசில் ஊதுவேன், அவ்வளவுதான். மத்ததெல்லாம் நீங்க" என்றேன். முதலில் கைதட்டினார்கள், அப்புறம் சண்டை போட்டார்கள். மைதானக் குழு, வரவேற்புக் குழு, புள்ளி குறிக்கிற குழு, சாப்பாட்டுக் குழு என்று பிரிந்ததும் ஒவ்வொரு குழுவும் தனி நாடாகிவிட்டது. மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்க வைத்திருந்த குடங்களைச் சாப்பாட்டுக்காரிகள் தூக்கிப்போய்விட்டார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை கிடையாது. பஞ்சாயத்துக்கு என்னிடம் வந்தார்கள். "எனக்கென்ன தெரியும்? உக்காந்து பேசுங்கடி" என்று திருப்பி அனுப்பினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் அந்த மாதத்தில் நான் செய்த பெரிய வேலை. கடைசியில் புளியமரத்தடியில் கூடி, காலையில் குடம் மைதானத்துக்கு, பத்து மணிக்கு மேல் சமையலுக்கு என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள்.

சாப்பாட்டுக் குழுவுக்குத் தலைவி ஒரு குண்டுப் பெண். எந்த விளையாட்டிலும் யாரும் அவளைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மூச்சு வாங்கும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் எல்லோருக்கும் பின்னால் அவளும் மைதானத்தைச் சுற்றி ஓடுவாள். சிரித்துக்கொண்டே ஓடுவாள். மற்றவர்கள் முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு வந்த பிறகும் அவள் ஓடிக்கொண்டிருப்பாள்.

போட்டியன்று காலையிலேயே சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து பாகு வாசனையோடு காற்று வீசியது. சுண்ணாம்புக் கோடு நேராக இருந்தது, கம்பம் ஆடவில்லை, புள்ளி குறிக்கிற பெண்கள் ஆளுக்கொரு பக்கம் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்கள். மதியத்துக்குள் மற்ற ஆட்டங்கள் முடிந்தன. இறுதிப் போட்டிக்கு எங்கள் பள்ளியும் ஆத்தூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றும் வந்து நின்றன. நாமக்கல்லும் ஆத்தூரும் அப்போது ஒரே சேலம் மாவட்டந்தான். ஆனால் பேச்சு வேறு, பழக்கம் வேறு.

அந்தப் பழக்கத்தில்தான் மாட்டிக்கொண்டோம்.

இறுதிப் போட்டிக்கு முன்னால் சாப்பாடு. எங்கள் பெண்கள் வீட்டுக்கு வீடு அரிசி பருப்பு கொண்டுவந்து சமைத்திருந்தார்கள். அம்மாக்கள் தூக்குப்போசி நிறைய ஒப்பிட்டும் எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயமும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். போளி மாதிரி பூரணம் வைத்துத் தட்டிச் சுட்ட ஒப்பிட்டின் மேல் நெய் வேறு. இந்த ஊரில் விருந்தாளி "போதுங்க" என்றால் அது மரியாதைக்குச் சொல்வது. இன்னும் இரண்டு வைப்பார்கள். நிஜமாகவே போதும் என்றால் இலை மேல் இரண்டு கையையும் கவிழ்த்துக் குனிந்துகொள்ள வேண்டும். ஆத்தூர்ப் பிள்ளைகளுக்கு இது எப்படித் தெரியும்? பாவம், வாயால் மட்டும் "போதும், போதும்" என்றார்கள். "இன்னொண்ணு வெச்சுக்குங்க சாமி, எங்க ஊருக்கு வந்துட்டு இப்பிடிக் கொறிச்சா எப்பிடி?" என்று குண்டுப் பெண்ணின் படை வைத்துக்கொண்டே போனது. இலையில் வைத்ததை மிச்சம் விட்டால் தப்பு என்று அந்தப் பிள்ளைகளும் விழுங்கிக்கொண்டே இருந்தார்கள்.

எங்கள் அணி? வந்தவர்கள் சாப்பிட்ட பிறகுதான் வீட்டுக்காரர்கள் சாப்பிட வேண்டும். அதற்குள் நேரமாகிவிட, ஆளுக்கு ஒரு டம்ளர் மோரைக் குடித்துவிட்டு மைதானத்துக்கு வந்துவிட்டார்கள்.

ஆத்தூர்க்காரர்கள்தான் முதலில் விரட்ட வேண்டும். கோ-கோவில் விரட்டுகிற அணி வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார வேண்டும், முதுகில் தட்டிக் 'கோ' சொன்னதும் விருட்டென்று எழ வேண்டும். உட்காரவே முடியவில்லை அவர்களுக்கு. ஒருத்தி 'கோ' வாங்கியவள் கையை ஊன்றி எழுந்து நின்று நீளமாக ஓர் ஏப்பம் விட்டாள். இன்னொருத்தி விலாவைப் பிடித்துக்கொண்டு கோட்டோரம் சாய்ந்தாள். வேடிக்கை பார்த்த ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். நான் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினேன்.

ஆத்தூர் டீச்சர் வந்தாரே ஒரு வேகத்தில்! "எங்க பொண்ணுங்களுக்குத் தொண்டை வரைக்கும் திணிச்சுட்டு, உங்க பொண்ணுங்க மட்டும் வெறும் வயித்தோட வந்து நிக்கறாங்க. என்ன திட்டம் இது? நான் மாவட்ட ஆபீசுக்குப் புகார் எழுதப் போறேன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை, திட்டம் என்பதைத் தவிர. தலைமையாசிரியை நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கணக்கு டீச்சர், முகத்தில் ஒன்றும் காட்டாமல். போயிற்று பீரியட் என்று நினைத்தேன். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தபோது குண்டுப் பெண் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர். நீங்கதான சொன்னீங்க, விசில் மட்டும்னு."

எல்லாக் குழுவும் புளியமரத்தடிக்கு ஓடியது. குடத்துக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்தான், தலையோடு தலை முட்டிக்கொண்டு பேசினார்கள். பேசி முடித்து குண்டுப் பெண் ஆத்தூர் டீச்சர் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், ஊட்டுக்கு வந்தவிங்களக் கவனிச்சோமுங்க, வேற ஒண்ணும் நெனைக்கலீங்க. இப்ப எங்க புள்ளைக சாப்புட உக்காரட்டும். உங்க புள்ளைக பரிமாறட்டும். அவிங்க எத்தனை தின்னாங்களோ அத்தனையும் இவளுக திங்கட்டும். அப்புறம் மொதல்ல இருந்து ஆடலாமுங்க."

ஆத்தூர் டீச்சர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். "சரி, போடுங்க இலையை" என்றார்.

அட, அந்தப் பந்தியை நான் எப்படி மறப்பேன்! ஆத்தூர்ப் பிள்ளைகள் பழி வாங்குகிற மாதிரி பரிமாறினார்கள். எங்கள் பிள்ளைகள் பழக்கத்தில் இலை மேல் கையைக் கவிழ்த்தார்கள். "கையை எடுங்கடி! எங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தீங்களா?" என்று ஒருத்தி விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒப்பிட்டை வைத்தாள். முதலில் சிரித்தது ஆத்தூர் டீச்சர்தான். அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆட்டம் மறுபடி நடந்தது. ஆட்டமா அது! இரண்டு பக்கமும் ஏப்பம், இரண்டு பக்கமும் விலாப்பிடிப்பு. ஆத்தூர்ப் பிள்ளைகள் சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்ததால் அவர்கள் கை ஓங்கியது. நாங்கள் தோற்றோம். கோப்பை ஆத்தூர்ப் பக்கம் பஸ் ஏறியது, மீதிக் கச்சாயமும் கூடவே போனது. புகார் எழுதப்படவில்லை. பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, "அடுத்த வருஷமும் இங்கேயே வைங்க டீச்சர், ஆனா சோறு ஆட்டத்துக்கு அப்புறம்" என்று கத்தினார் அந்த டீச்சர்.

தலைமையாசிரியை கணக்கு டீச்சரிடம், "வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஃப்ரீ டீச்சர்" என்றார். அன்று வீட்டுக்குப் போய் நான் அழுதேன். சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த வருஷத்தின் கடைசி வெள்ளிக்கிழமை, குண்டுப் பெண் வழக்கம்போல எல்லோருக்கும் பின்னால் ஓடினாள். மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. "போதும் வாடி" என்றேன். "இன்னொண்ணே ஒண்ணுங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

சில வருஷம் கழித்து அவள் குழந்தைக்குக் காதுகுத்து என்று அழைப்பு வந்தது. எருமப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். பந்தியில் என்னை உட்காரவைத்து அவளே பரிமாறினாள். "இன்னிக்கு மேட்ச் ஏதும் இல்லீங்களே? அப்பப் பயப்படாமச் சாப்புடுங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

"இப்பவும் ஓடறயா கண்ணு?" என்று விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"எங்கீங்க டீச்சர். அந்த வெள்ளிக்கிழமை ஓடுனதுதான்."

சாதாரணமாகச் சொன்னாள், கை தூக்குப்போசியிலிருந்து ஒப்பிட்டை எடுத்துக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்துதான் இருந்தது, ஆனாலும் இலை மேல் கையைக் கவிழ்க்க எனக்கு மனசு வரவில்லை. அவள் வைத்தாள், நான் சாப்பிட்டேன்.