துரைசானிக்குச் சுட்ட சோடாப் பாண்

எனக்கு எழுபத்தொன்பது வயதாகிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். என் ரொட்டியை அவர்களில் ஒருவரும் குறை சொன்னதில்லை. சொல்ல நான் விட்டதுமில்லை. என் கையால் கெட்டது ஒரே ஒரு மாவுதான். அப்போது எனக்கு எட்டு வயது.

அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், துரை பங்களாவில் அப்பா சமையல் கோக்கியாக இருந்தார். துரைசானி அயர்லாந்துக்காரி. ஞாயிறு மாலைத் தேநீரோடு அவருக்குத் தன் ஊர் ரொட்டியான சோடாப் பாண் வேண்டும். கோதுமை மாவில் அப்பச்சோடாவும் உப்பும் போட்டு, புளித்த மோர் ஊற்றி, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறிச் சுடுவது.

துரையும் துரைசானியும் நுவரெலியா போயிருந்த வெள்ளிக்கிழமை, கொதிநீர்க் கேத்தல் சரிந்து அப்பாவின் வலது கை வெந்துபோனது. ஞாயிறன்று அவர்கள் திரும்புகிறார்கள். பழைய கோக்கி காய்ச்சலில் படுத்த மூன்றாம் நாளே வேறு ஆள் வந்தது. அந்த வேறு ஆள்தான் என் அப்பா. கை வெந்தது தெரிந்தால் அவர் திரும்பவும் காலைப் பெரட்டில் கூலி ஆட்களோடு நின்று, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்க வேண்டும். அந்தக் கையால் எப்படிப் பிடிப்பார்?

அதனால் பாணை எங்கள் லயத்துக் காம்பராவிலேயே, வீட்டு அடுப்பில், அம்மா கையால் சுடுவதென்று முடிவானது. சட்டிக்கு அடியிலும் மூடிமேலும் தணல்.

"அள்ளிக் கூட்டினாப் போதும். பெசஞ்சிடாத, கல்லாயிரும்," என்றார் அப்பா.

"பெசையாத மாவ இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்று அம்மா முணுமுணுத்தாலும், சொன்னபடியே கூட்டி வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு பீலிக்குப் போனார். அப்பா வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

எனக்குக் கை சும்மா இருக்காது. மாவு திப்பிதிப்பியாகக் கிடந்தது. எங்கள் லயத்தில் மாவு திரண்டு வழுவழுப்பாக இல்லாவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்குத்தான் பேச்சு. இதைப் போய்த் துரைசானிக்குக் கொடுப்பதா? அப்பா வாசலில் நின்ற சமயம் பார்த்து, ரொட்டிக்குப் பிசைவதுபோல் குத்திக் குத்திப் பிசைந்தேன். ஈரத்துணியும் போட்டு மூடினேன். அம்மா வந்து, என் விரலைப் பார்த்தார், மாவைப் பார்த்தார். வேறு மாவில்லை. அதையே கீறிச் சட்டியில் வைத்தார்.

பாண் கூடையைப் பங்களாச் சமையற்கட்டுக்கு நான்தான் சுமந்து போனேன். குசினிக் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அப்பா வலது கையைத் துவாலைக்குள் மறைத்துக்கொண்டு மேசையருகே நின்றார். துரைசானியின் கத்தி பாணில் இறங்கவில்லை.

"இது யாரு செஞ்சது?"

"நான்தாங்க தொரைசானி."

துரைசானி துவாலையையே பார்த்தார். ஒரு துண்டைப் பெயர்த்துத் தேநீரில் தோய்த்து மெதுவாக மென்றார்.

"நம்ம வயிறு சரியில்ல. ஒரு மாசம் பாண் வேணாம். கஞ்சி போதும். உன் சம்சாரம் குசினிக்கு வந்து வைக்கட்டும்."

அப்பா தலையை ஆட்டினார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தவர் வெகுநேரம் எழவில்லை.

மறுநாளிலிருந்து அம்மா பங்களாவில் காய் நறுக்கினார், இறைச்சி வெட்டினார். அப்பா இடது கையால் கிண்டினார். எனக்கோ வேறு கவலை. ஒரு துரைசானியின் வயிற்றையே கெடுத்துவிட்டேனே! மாரியம்மன் கோயிலில் கற்பூரம் கொளுத்தினேன். தினமும் பங்களா வேலியோரம் போய் அவர் முகம் வாடியிருக்கிறதா என்று பார்த்தேன். மூன்றாம் நாள் துரைசானி, அம்மா வைத்த கஞ்சியைக் கோப்பையோடு கொண்டுவந்து நாய்க்கு ஊற்றினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓடிப்போய் அம்மாவிடம் கோள் சொன்னேன்:

"தொரைசானி கஞ்சியக் குடிக்கவே மாட்டேங்குறாங்கம்மா! அப்பறம் வயிறு எப்பிடிம்மா நல்லாவும்?"

அம்மா அவசரமாக என் வாயைப் பொத்தினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கஞ்சி வீணானதற்கு அம்மா ஏன் அழவேண்டும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

பாப்பா, பாட்டி எழுதின இந்தத் தாளைப் பிடி. முழுசையும் ஒருதரம் சத்தமா வாசி, கேக்குறேன்.