கெட்டிக்காரப் பிள்ளைக்கும் துணை வேண்டும்

சமயநல்லூரில் படித்தவரை எங்கள் மகள் நிவேதாதான் வகுப்பில் முதல். நுழைவுத்தேர்வு எழுதி, மதுரையில் ஒரு பெரிய பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் இடம் வாங்கினாள். தெருவே பாராட்டியது.

சேர்ந்த சில மாதங்களில் அவள் பேச்சு குறைந்தது. காலையில் வயிற்றுவலி என்பாள். ஒருநாள், "அம்மா, அங்க எல்லாரும் இங்கிலீஷ்லயே பேசுறாங்க" என்று ஆரம்பித்தாள். "உனக்கென்னடி, இம்புட்டு மூளை இருக்கு, சமாளிச்சிருவ" என்று சொல்லிவிட்டு, சோறு வடிக்கப் போய்விட்டேன். தைரியம் கொடுத்ததாகத்தான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் பள்ளியிலிருந்து போன். அவள் வரவில்லையாம். நானும் கணவரும் பைக்கில் வழியெல்லாம் தேடிக்கொண்டே போனோம். கோரிப்பாளையத்தில், அவள் பஸ் மாறும் நிறுத்தத்தில், பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வந்த பஸ் எதிலும் ஏறவில்லை.

அவர் திட்ட வாயெடுத்தார். அதற்குள் அவள், "எல்லாரும் கெட்டிக்காரி, கெட்டிக்காரின்னே சொல்றீங்க. எனக்குப் புரியலைன்னா யாருகிட்டம்மா சொல்றது?" என்று அழுதுவிட்டாள்.

மறுநாள் மூவருமாகப் போய் வகுப்பாசிரியையிடம் பேசினோம். இப்போதெல்லாம் அவள் வீட்டுக்கு வந்ததும் நான் மார்க் கேட்பதில்லை. கைவேலையை ஒதுக்கிவிட்டு, அவள் சொல்வதைக் கடைசிவரை கேட்கிறேன். போன வாரம், "கணக்குல ரெண்டு தப்பு விட்டுட்டேம்மா" என்று பயமில்லாமல் சொன்னாள். இந்தக் காதை அன்றைக்கே கொடுத்திருந்தால், பிள்ளை அத்தனை நாள் தனியாகத் தவித்திருக்க மாட்டாள்.

- ஒரு வாசகி, சமயநல்லூர்